இரும்பின் மேல் வைத்துப் பார்த்த இரைப்பை

என் இரைப்பை என் சட்டைப் பையில் இருந்தது. முழு இரைப்பையும் இல்லை, யாரும் பயப்பட வேண்டாம். பயப்படுகிற வேலையை நானே மொத்தமாக எடுத்துக்கொண்டிருந்தேன். அதன் உட்சுவரில் கிள்ளி எடுத்த சில துணுக்குகள் மட்டும்தான். அவற்றை மெழுகில் புதைத்து, வெங்காயச் சருகைவிட மெலிதாகச் சீவி, சாயம் ஏற்றி, கண்ணாடிச் சில்லுகளில் ஒட்டி, ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, திருவள்ளூரில் இருக்கும் பரிசோதனை நிலையத்தில் முந்தின நாள் என் கையில் கொடுத்திருந்தார்கள்.

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. கம்பெனி பஸ் பெரியபாளையத்தில் வழக்கம்போல நகரவில்லை. வெளியே வேப்பிலைச் சேலை கட்டிய பெண்கள், பம்பைச் சத்தம், வேன் கூரையில் கட்டின சமையல் பாத்திரங்கள். உள்ளே நாங்கள். எங்கள் உலைக்கு ஞாயிறு தெரியாது, அதனால் எங்களுக்கும் தெரியாது. நான் சட்டைப் பையைக் கையால் பொத்தியபடி உட்கார்ந்திருந்தேன். பஸ் ஏதாவது ஒரு வேன்மீது உரசி, என் வயிறு என் வயிற்றுக்கு வெளியே உடைந்து போவது எனக்குச் சம்மதமில்லை.

லேபில் என் கூட வேலை பார்ப்பவன் பெரியபாளையத்தில்தான் ஏறுவான். நெற்றி நிறைய குங்குமத்தோடு வந்து பக்கத்தில் விழுந்தான்.

"இன்னா நைனா, நெஞ்ச புட்ச்சிக்கினு குந்திகினு கீறே? நெஞ்சு வலியா?"

"இல்லப்பா. வயிறு."

"வயிறு கீழ கீது."

"இன்னிக்கு மேல கீது," என்று டப்பாவை எடுத்துக் காட்டினேன்.

அவன் வாங்கிக் குலுக்கப் போனான். நான் போட்ட கூச்சலில் டிரைவர் திரும்பிப் பார்த்தார். "குலுக்காதடா, உள்ள நான் கீறேன்!"

"இவன் ஒர்த்தன், காலங்காத்தாலயே ஆரம்பிச்சிட்டான்," என்று அவன் டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தூங்கிப் போனான்.

இதுதான் என் கஷ்டம். ஆலையில் எனக்குத் தமாஷ்காரன் என்று பேர். பல வருஷம் பாடுபட்டுச் சம்பாதித்த பேர். வயிறு எரிகிறது என்று நான் முதன்முதலில் சொன்னபோது, "யாருக்கு இன்கிரிமென்ட் வந்திச்சி?" என்று கேட்டார்கள். எண்டோஸ்கோப்பி எடுக்கப் போகிறேன் என்றேன். "உள்ள கேமராவ வுட்டா உன் வாயப் பாத்துட்டு அதுவே வெளிய ஓடியாந்துடும்" என்றார்கள். நான் ஒருநாள் செத்துக் கிடந்தாலும், கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டுத்தான் மாலை வாங்கப் போவார்கள்.

கும்மிடிப்பூண்டியில் இரும்பை உருக்கிக் கம்பியாக இழுக்கும் ஆலைகளில் ஒன்றில் எனக்கு வேலை. எளாவூர்ப் பக்கத்திலிருந்து லாரி லாரியாகப் பழைய இரும்பு வந்து இறங்கும். அது உருகி, கம்பியாகி, போல்ட்டும் ஸ்பிரிங்கும் ஆவதற்காக வேறெங்கோ போகும். நடுவில் அதன் உட்புறத்தைப் பார்க்கிறவன் நான். கம்பியில் ஒரு துண்டை வெட்டி, பேக்கலைட் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் புதைத்து, எமரி உப்புத்தாளில் தேய்த்து, வெல்வெட் துணியில் வைரப் பசை வைத்து மெருகேற்றினால், நம் முகம் தெரிகிற அளவுக்குக் கண்ணாடியாகிவிடும். அதை மைக்ராஸ்கோப்பின் கீழே வைப்பேன். உருக்கும்போது உள்ளே சிக்கிக்கொண்ட கசடு கறுப்புப் புள்ளியாகத் தெரியும். இன்க்ளூஷன் என்போம். துண்டு முழுக்க வரிசை வரிசையாகத் தேடி, எங்கே புள்ளிகள் இருப்பதிலேயே மோசமாக இருக்கின்றனவோ அந்த இடத்தைப் பிடித்து, அதற்குத்தான் மதிப்பெண் போட வேண்டும். மிச்ச இடமெல்லாம் நிலா போலச் சுத்தமாக இருந்தாலும் பேச்சில்லை. அந்த மோசமான இடமே தேறினால் பாஸ்; தேறாவிட்டால் அந்த உலையில் உருகின அத்தனையும் ரிஜெக்ட். இந்த வேலையை இத்தனை காலம் பார்த்தால் மனசும் அப்படியே ஆகிவிடும். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் என் கண் முதலில் இலைக் கிழிசலுக்குத்தான் போகும்.

வயிற்று எரிச்சல் பல மாதமாக இருந்தது. ஷிப்ட் மாறி மாறிச் சாப்பாடு, கேன்டீன் சாம்பார், திருவள்ளூருக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவே பஸ்ஸில் உருளும் காலை, மாலைகள். நானே மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு ஓட்டினேன். கடைசியில் மனைவிதான் இழுத்துக்கொண்டு போனாள். வெறும் வயிற்றோடு பெஞ்சில் உட்கார வைத்து, தொண்டையில் மரத்துப்போகிற மருந்தை அடித்து, பல்லுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் வளையத்தைக் கொடுத்து, கறுப்புக் குழாயை உள்ளே விட்டார்கள். வாய் அடைபட்டு, ஒரு பதில்கூடச் சொல்ல முடியாமல் நான் கிடந்த அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் என் மனைவி இன்றுவரை சந்தோஷமாக நினைவு வைத்திருக்கிறாள்.

சில நாள் கழித்து டாக்டர் கூப்பிட்டார். "பயப்பட ஒண்ணும் இல்ல," என்று ஆரம்பித்தார். நான் பயப்படத் தொடங்கியது அந்த வாக்கியத்தில்தான்.

"இரைப்பையில புண் இருக்கு. அது பரவால்ல. ஆனா ஒரு எடத்துல, இரைப்பையோட உள்தோல் இருக்க வேண்டிய எடத்துல, குடலோட தோல் வந்திருக்கு. ரொம்ப நாள் எரிஞ்சு எரிஞ்சு அப்படி மாறும். அதுவும் பரவால்ல. அதுல ஒரு சின்னப் பகுதி மட்டும் வெறும் புண்ணா, அதுக்கு மேல ஏதாவதான்னு லேப்ல தெளிவா சொல்லல. ஸ்லைடை வாங்கிட்டுப் போய் இன்னொருத்தர்கிட்ட காட்டிடுங்க."

அதுக்கு மேல ஏதாவது. புற்றுநோய் என்ற வார்த்தையை அவர் சொல்லவில்லை. அவர் சொல்லாமல் விட்டதால் அந்த வார்த்தையை நானே பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

அதற்குப் பிறகு நான் சாப்பிட்டதைவிட, சாப்பாடு போகிற வழியைப் பற்றிப் படித்ததுதான் அதிகம். பஸ்ஸில், கழிப்பறையில், தட்டின் முன்னால், எப்போதும் செல்போனில் குடல்தான். எங்கள் ஆலையில் கட்டிடக் கம்பியும் உண்டு; அதன் முனையை வெட்டி அமிலத்தில் நனைத்தால் வட்டத்துக்குள் வட்டம் தெரியும். வெளியே கெட்டியான வளையம், உள்ளே மெத்தென்ற நடுப்பகுதி. உணவுக்குழாய் முதல் கடைசிவரை மனிதனும் அப்படி ஒரு குழாய்தான் என்று தெரிந்தபோது ஒரு சின்ன தொழில் பாசம் வந்தது. உள்ளே வழவழப்பான தோல், அதற்கு அடியில் ரத்தக் குழாய்கள் ஓடும் தளர்ந்த அடுக்கு, அதன் பிறகு வட்டமாகவும் நீளமாகவும் தசை, எல்லாவற்றுக்கும் வெளியே ஒரு மெல்லிய போர்வை. தசைகளுக்கு நடுவே நரம்புகள் தனியாக ஒரு வலை போட்டிருக்கின்றனவாம். மூளையைக் கேட்காமலே அவை குடலை ஓட்டிக்கொள்ளும். என் உடம்பில் தலையை நம்பாத ஒரு பகுதியாவது இருப்பது ஆறுதல்.

இரைப்பையின் உட்புறம் வழவழப்பாகத் தெரிந்தாலும், பெரிதாக்கிப் பார்த்தால் எங்கும் குழிகள். குழிக்குள் சுரப்பிகள். சுரப்பிச் சுவரில் ஒரு வகைச் செல் அமிலம் விடுகிறது. இன்னொரு வகை, புரதத்தைச் செரிக்கிற நொதிக்கு மூலப்பொருளைத் தயாரிக்கிறது. அந்த அமிலம் இரைப்பையையே தின்றுவிடாதபடி மேற்பரப்புச் செல்கள் ஓயாமல் கோழை பூசிக்கொண்டே இருக்கின்றன. குழியின் கழுத்தில் பிறந்து, மெல்ல மேலே ஏறி, சில நாள் அமிலத்தோடு மாரடித்துவிட்டு உதிர்ந்து போகின்றன. அதற்குள் அடுத்தது வந்து அந்த இடத்தில் நின்றுவிடுகிறது. எங்கள் சிப்காட் ஒப்பந்தத் தொழிலாளிகளை நினைத்துக்கொண்டேன். படிக்கப் படிக்க எனக்கே அசதியாக இருந்தது. என்னைக் கேட்காமல், எனக்காக, உள்ளே இத்தனை பேர் ஷிப்ட் பார்க்கிறார்கள்.

சிறுகுடலின் உட்புறம் வேறு மாதிரி. விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகள்; அவற்றின் மேல் வரிசையாகச் செல்கள்; நடுநடுவே வயிறு உப்பின கோப்பை போலக் கோழையைச் சுமந்து நிற்கும் கோப்பைச் செல்கள். அந்தக் கோப்பைகளுக்கு இரைப்பையில் வேலை கிடையாது. எனக்கு வந்திருந்தன. இரும்பில் இதற்கு நிகராக எனக்குத் தெரிந்தது ஒன்றே: சூடு தப்பினால் உள்கட்டமைப்பே வேறாக மாறிவிடும். அதன் பிறகு அதைத் திரும்பச் சூளையில் போட்டுக் காய்ச்சுவதைத் தவிர வழியில்லை. என்னைத் திரும்பக் காய்ச்சுவது பற்றி நான் எங்கும் படிக்கவில்லை.

"இன்னாங்க இது," என்பாள் மனைவி, "நாஷ்டா துன்ற நேரத்துல குடல் படத்த பாத்துக்கினு. இட்லி ஆறிப் போவுது."

"இந்த இட்லி எங்க போவும்னு பாத்துக்கினு கீறேன்."

"மொதல்ல வாய்க்குப் போவட்டும்."

திங்கட்கிழமைதான் இன்னொரு டாக்டரைப் பார்க்க நேரம் கிடைத்திருந்தது. வயதான பெண் மருத்துவர். திசுக்களைப் பார்ப்பதே அவர் தொழில். ஞாயிற்றுக்கிழமை டப்பாவை ஆலைக்குக் கொண்டுபோகிறேன் என்றதும் மனைவி முறைத்தாள். வீட்டில் வைத்தால் பல்லி தள்ளிவிடும் என்றேன். எங்கள் வீட்டுப் பல்லிகளுக்கு அவ்வளவு பலம் கிடையாது என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என் மேஜையில் ஒரு மைக்ராஸ்கோப் இருக்கிறது. அதன் கீழே பார்த்து நல்லது கெட்டது சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். என் வயிற்றை மட்டும் வேறு யாரோ பார்த்துச் சொல்ல வேண்டுமா?

அந்த ஞாயிறு காலை மூன்று துண்டுகள் பார்த்தேன். மூன்றும் பாஸ். மதியம் கூட்டாளி கேன்டீனுக்குப் போனான்.

"நீ வர்லயா?"

"பசிக்கலப்பா."

"அதான் பாக்கெட்ல எட்த்தாந்துகினியே, அதுக்கு எங்க பசிக்கும்," என்று சிரித்துவிட்டுப் போனான். டப்பாவில் இருப்பது மோர்மிளகாய் என்று அவன் நினைத்திருக்க வேண்டும்.

கதவைச் சாத்தினேன். ஒரு கண்ணாடிச் சில்லை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். நடுவில் ரோஜா நிறத்தில் நகக் கீறல்கள் போலச் சில துணுக்குகள். ஐம்பது வயதை நெருங்கும் ஒரு மனிதனின் பிரச்சினை மொத்தமும் அவ்வளவுதான். மேடையில் வைத்து விளக்கைப் போட்டுக் குனிந்தேன்.

ஒன்றும் தெரியவில்லை. மங்கலான ஒரு பளபளப்பு, அவ்வளவே. அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. எங்கள் மைக்ராஸ்கோப்பில் வெளிச்சம் மேலிருந்து இறங்கும். இரும்புக்குள் வெளிச்சம் நுழையாது. மேலே பட்டுத் திரும்பி வருவதைத்தான் பார்க்கிறோம். டாக்டர்களுடையதில் கீழிருந்து வெளிச்சம் வந்து, திசுவை ஊடுருவி, கண்ணுக்கு ஏறும். என் கண்ணாடிச் சில்லில் இறங்கின வெளிச்சம், திரும்பி வர வழி தெரியாமல் கீழே போய்விட்டது.

விட்டுவிட்டுப் போய்ச் சாப்பிட்டிருக்கலாம். ஆனால் பதற்றத்தில் இருக்கிற மனிதனுக்குத்தான் புத்திசாலித்தனமான யோசனைகளாக வரும். கீழே போகிற வெளிச்சத்தைத் திருப்பி அனுப்ப ஒரு கண்ணாடி வேண்டும், அவ்வளவுதானே? மேஜையில், காலையில் மெருகேற்றின இரும்புத் துண்டு முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளவென்று கிடந்தது. அதை மேடையில் வைத்து, அதன் மேல் என் இரைப்பையை வைத்தேன். குனிந்தேன்.

தெரிந்தது. ஐயோ, அழகாகத் தெரிந்தது. இளஞ்சிவப்பும் ஊதாவுமாக, பட்டுப்புடவைக் கடையில் மடிப்பு பிரித்துப் போட்ட மாதிரி. கொஞ்ச நேரம் பயமே மறந்துவிட்டது. சாம்பல் நிறத்தைத் தவிர வேறு எதையும் காட்டாத என் மைக்ராஸ்கோப்புக்கே அன்று தீபாவளி. இதுவா நான்? இவ்வளவு நாளாக கேன்டீன் சாம்பாரை ஊற்றினது இதன் மேலா?

அத்தோடு நிறுத்தவில்லை. பெரிதாக்கினேன். எல்லாம் மங்கியது. குமிழைத் திருகினேன், இன்னும் திருகினேன். சிவப்புப் புகைமூட்டத்துக்குள்ளிருந்து, கத்தியால் குத்தின மாதிரித் தெளிவாக, மேலே எழும்பி வந்தன கறுப்புப் புள்ளிகள்.

ஒன்றிரண்டு இல்லை. வரிசையாக, ஒரே திசையில், எறும்பு ஊர்வது போல. ஒன்று காற்புள்ளி மாதிரி வால் வைத்திருந்தது. திசுவைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஒரு பொருளுக்குள் இருக்கக்கூடாத ஒன்று இருந்தால் எப்படி இருக்கும் என்பதை, இந்த மாவட்டத்திலேயே என்னைவிட அதிக நேரம் பார்த்தவர்கள் குறைவு.

எல்லாவற்றையும் டப்பாவில் போட்டு மூடினேன். கூட்டாளி ஏப்பம் விட்டபடி வந்தான்.

"முடிஞ்சிச்சிப்பா," என்றேன்.

"இன்னா முடிஞ்சிச்சி?"

"நானு."

"அப்போ உன் சேர நான் எட்த்துக்கவா? என்துல சக்கரம் ஒடஞ்சி பேஜாரா கீது," என்று சொல்லிவிட்டு, உண்மையிலேயே என் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

திரும்பி வரும் பஸ்ஸில் என் இறுதி ஏற்பாடுகள் நடந்தன. வண்டி மனைவியின் தம்பிக்கு. தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் வைப்பார்கள். அதற்கு எந்தப் போட்டோ? என்னிடம் இருக்கிற நல்ல போட்டோ எல்லாவற்றிலும் ஹெல்மெட் போட்டிருக்கிறேன். ஹெல்மெட் போட்டுமா செத்தான் என்று கேட்பார்கள். இல்லாவிட்டால் ஆதார் அட்டைப் போட்டோ. அதில் ஏற்கெனவே செத்தவன் மாதிரிதான் இருப்பேன். ஆகப் பொருத்தம். இப்படியெல்லாம் யோசித்து எனக்குள்ளேயே சிரித்தேன். சிரிப்பு கழுத்துக்குக் கீழே இறங்கவில்லை. கவரைப்பேட்டை தாண்டி எத்தனையோ ஊர்கள் போயின. ஒன்றையும் பார்த்த ஞாபகம் இல்லை.

வீட்டில் சொன்னேன். மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"கறுப்புப் புள்ளியா?"

"ஆமா. வரிசையா."

"கடுகா இருக்கும். நேத்து பொரியல்ல தாளிச்சது." தலை நிமிரவில்லை. தண்டையும் இலையையும் ஒரே தட்டில் போட்டுக்கொண்டிருந்தாள். "போயி கை கால் அலம்பினு வாங்க."

இவளுமா, என்று எனக்குக் கோபமாக வந்தது. ஆலையில் இருக்கிறவர்கள் சரி, இவள்கூடவா? மறுநாள் காலை நான் கிளம்பும்போது அவள் புடவை கட்டி, பையோடு வாசலில் நின்றாள். வேலைக்கு லீவு சொல்லிவிட்டதாக எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னாள்.

ஒரு ஸ்கேன் சென்டருக்குப் பின்னால் இருந்த சின்ன அறை அது. அந்த டாக்டரம்மாவின் மைக்ராஸ்கோப்புக்கு இரண்டு தலை; எதிரில் உட்கார்ந்தும் ஒருவர் பார்க்கலாம். எங்களை உட்காரச் சொல்லிவிட்டு அவர் பார்க்கத் தொடங்கினார். நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரத்திலிருந்து ஓரம், ஒரு வரி இறங்கி, மறுபடி ஓரத்திலிருந்து ஓரம். என் கை போகிற அதே போக்கு. கை எங்காவது நின்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். நடுவில் ஓரிடத்தில் நின்றது. குமிழ் முன்னும் பின்னும் அசைந்தது. மனைவி என் முழங்கையைப் பிடித்திருந்தாள். எப்போதிருந்து என்று தெரியவில்லை.

பொறுக்க முடியாமல் நானே கேட்டேன். "மேடம், அந்தக் கறுப்புப் புள்ளிங்க..."

அவர் நிமிர்ந்தார். "எந்தப் புள்ளி?"

"வரிசையா இருக்குமே. ஒண்ணுக்கு வால்கூட இருந்திச்சி."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, எதிர்த் தலையைக் காட்டினார். "பாருங்க. எங்க இருக்குன்னு நீங்களே சொல்லுங்க."

பார்த்தேன். அதே பட்டு, ஆனால் இப்போது மடிப்பு மடிப்பாகத் தெளிவாக. தேடினேன். வரி வரியாகத் தேடினேன். ஊதா நிறத்தில் செல்களின் கருக்கள்தான் இருந்தன. கறுப்பு எங்கும் இல்லை.

"பெரிசாக்குங்க மேடம்."

பெரிதாக்கினார். இல்லை.

"குமிழைத் திருகுங்க. இன்னும் கீழ. கீழ போனாத்தான் தெரியும்."

திருகினார். படம் மங்கி, கலங்கி, கரைந்து, வெறும் வெள்ளை வெளிச்சம் ஆனது.

"இவ்வளவுதாங்க," என்றார். "திசுவுக்குக் கீழ போனா கண்ணாடி. அதுக்கும் கீழ வெளிச்சம். வேற என்ன இருக்கும்?"

எனக்குக் கீழே வெளிச்சம் இல்லை. இரும்பு இருந்தது.

மெல்ல, கால் கட்டை விரலிலிருந்து தொடங்கி, எனக்கு எல்லாம் விளங்கிக்கொண்டே மேலே வந்தது. குமிழைத் திருகித் திருகி நான் என் வயிற்றைத் தாண்டி, கண்ணாடியையும் தாண்டி, அடியில் வைத்திருந்த துண்டின் முகத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறேன். கம்பி இழுபட்ட திசையில் வரிசையாகக் கசடு. அந்த வால் வைத்த காற்புள்ளியை எனக்கு முன்பே தெரியும். அன்று காலையில்தான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, "இதெல்லாம் ஒரு புள்ளியா" என்று பாஸ் போட்டவனே நான்தான். காலையில் இரும்பில் இருந்தபோது தூசு. மதியம் என்னில் இருந்தபோது எமன்.

டாக்டரம்மாவிடம் சொன்னேன். சொல்லாமல் தப்பிக்க வழியில்லை. அவர் பார்வை அப்படி. இரும்பு, மெருகு, கண்ணாடி, குமிழ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே இருந்தவர், மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுச் சிரித்தார். குலுங்கிச் சிரித்தார். ஒருவரைச் சிரிக்க வைத்து நான் வெட்கப்பட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

மனைவி சிரிக்கவில்லை. "அது வுடுங்க மேடம்," என்றாள். "அவருக்கு இன்னா இருக்குது? அத சொல்லுங்க."

டாக்டரம்மா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். நான் பார்க்கும்படி ஓர் இடத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"இது இரைப்பையோட உள்சுவர். இந்தக் குழிங்க தெரியுதா? சரி. இப்ப இங்க வாங்க. நடுவுல வெளிறிப் போய், கோப்பை மாதிரி உப்பிக்கிட்டு நிக்குது பாருங்க. அது இங்க இருக்கக் கூடாதது. குடல்ல இருக்க வேண்டியது. உங்களுக்கு வந்திருக்கு, அது உண்மை. மேல ஒட்டிக்கிட்டுச் சின்னச் சின்னக் கோடா இருக்கே, அதுதான் கிருமி. எல்லாத்தையும் கிளப்பி விட்டது அது. அதுக்கு மருந்து இருக்கு."

"லேப்ல சந்தேகப்பட்டது..."

"இந்த எடம்." கொஞ்சம் நகர்த்தினார். "புண் ஆறிட்டு வருது. அதனால இங்க செல் எல்லாம் கொஞ்சம் பதட்டமா இருக்கு."

"ஓனர் மாதிரியே," என்றாள் மனைவி.

"ஆனா ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் கரு எங்க இருக்குன்னு பாருங்க. எல்லாம் அடியிலயே, ஒழுங்கா வரிசையில உக்காந்திருக்கு. தாறுமாறா மேல ஏறியிருந்தா நான் கவலைப்பட்டிருப்பேன். ஏறல. புற்றுநோய் இல்ல. அதுக்கு முந்தின படியும் இல்ல."

நான் கண்ணை எடுக்கவில்லை. வேறு ஏதாவது இருக்குமோ, பார்க்காமல் விட்ட ஒரு மூலையில், இன்னொரு சில்லில்? வாய் கேட்டுவிட்டது.

அவர் அலுப்போடு, ஆனால் கோபமில்லாமல் சொன்னார்: "நீங்க உங்க இரும்புல எப்படித் தேடுறீங்களோ எனக்குத் தெரியாது. நான் எல்லாத்தையும் பாத்துட்டு, இருக்கறதுலயே மோசமான எடம் எதுன்னு தேடித்தான் சொல்லுவேன். எல்லா ஸ்லைடும் பாத்துட்டேன். இருக்கறதுலயே மோசம் இதுதாங்க. இதுக்கு மேல இல்ல."

இந்த மொழி எனக்குத் தெரியும். பயப்படாதீர்கள் என்று யார் சொன்னபோதும் உள்ளே இறங்காதது இப்போது இறங்கியது. மோசமான இடத்தைத் தேடிப் பிடித்து, அதற்கே பாஸ் போட்டுவிட்டார். கிருமிக்கு மருந்து சாப்பிட வேண்டும். எரிச்சல் ஒரே நாளில் போகாது. அடுத்த வருஷம் மறுபடி அந்தக் கறுப்புக் குழாயை விழுங்கி, மறுபடி கிள்ளி, மறுபடி பார்க்க வேண்டும். அந்தக் கோப்பைகள் திரும்பிப் போகலாம், போகாமலும் இருக்கலாம். கேட்கக் கேட்க எனக்கு ஆனந்தம் வரவில்லை. மூட்டை இறக்கின கூலியாள் மாதிரி அசதிதான் வந்தது. அந்த நாற்காலியிலேயே தூங்கிவிடலாம் போல இருந்தது.

வெளியே வந்ததும் ரோட்டைத் தாண்டி ஓர் ஓட்டல். மனைவி என்னைக் கேட்கவில்லை. நேராக உள்ளே போய் உட்கார்ந்தாள். எனக்கு இட்லி சொன்னாள். தனக்குப் பொங்கல் சொன்னாள், வடை சொன்னாள், அது வருவதற்குள் ஒரு பூரி சொன்னாள். நிமிராமல், அள்ளி அள்ளித் தின்றாள். அவள் அப்படிச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. அப்போதுதான் யோசித்தேன்: முந்தின நாள் அந்தக் கீரையைக் கடைந்து எனக்குத்தான் போட்டாள், தனக்குத் தட்டு வைத்ததாக ஞாபகம் இல்லை. அதற்கு முந்தின நாளும் இல்லை. என் குடலைச் செல்போனில் பார்த்துப் பார்த்து, எதிரில் ஒரு வயிறு காலியாக உட்கார்ந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. கடுகு என்று சொன்னபோது அவள் தட்டில் தண்டும் இலையும் கலந்து கிடந்ததே, அது ஏன் என்று இப்போதுதான் புரிந்தது. வீட்டில் தமாஷ்காரன் நான் மட்டும் இல்லை.

"இன்னும் ஒரு பூரி சொல்லவா?" என்றேன்.

"சும்மா இருங்க," என்றாள், வாய் நிறைய. கண் சிவந்திருந்தது. காரமாக இருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன்.

கொஞ்சம் தண்ணீர் குடித்தாள். சட்னிக் கிண்ணத்தில் விரலை விட்டு, தாளிப்பில் மிதந்த ஒரு கடுகை ஒற்றி எடுத்தாள். என் இட்லியின் மேல், சரியாக நடுவில் வைத்தாள்.

"பாத்துச் சொல்லுங்க. பாஸா, பெயிலா?"

குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கொஞ்ச நேரம் பார்த்தேன்.

"பாஸ்," என்று சொல்லிவிட்டு, கடுகோடு சேர்த்துத் தின்றேன்.